நடுப்புள்ளியைப் பார்க்காதீர்கள்: ரைபிள் சுடுதலை எப்படி ரசிப்பது

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுவது) வெண்கலம் வாங்கினார். கோலாப்பூர் பக்கத்துக்காரர், அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். மும்பையின் ஹார்பர் லைனும் அதே மத்திய ரயில்வேதான் என்பதால், செம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களும் அந்தப் பதக்கத்தில் கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம். ஆனால் அந்த இறுதிச் சுற்றை டிவியில் முழுக்கப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர் கல்லாய் நிற்கிறார், 'டப்' என்று ஒரு சத்தம், திரையில் ஒரு எண். பக்கத்தில் இருப்பவர் எழுந்து காபி போடப் போய்விடுகிறார்.

போனவரைக் குறை சொல்ல முடியாது. எதைப் பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குண்டு நடுவில் பட்டதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். அவர்கள் கண் முதலில் தேடுவது குரூப்பை. அதாவது, அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்பதை.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. .22 ரைபிளோடு தரையில் படுத்து ஐந்து ரவுண்டு சுட்டதும், ஹவில்தார் அட்டையைக் கொண்டுவந்து துளைகளின் இடைவெளியை சென்டிமீட்டரில் அளப்பார். ஐந்தும் ஓரமாக, ஆனால் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் அவர் முகம் மலரும். ஒன்று நடுவிலும் மற்றவை நாலு திசையிலும் என்றால் திட்டுதான். காரணம் எளிது. நெருங்கி விழுந்த குரூப்பை, பார்வைக் கருவியின் திருகைச் சில கிளிக் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறிய குரூப்புக்குத் திருகு கிடையாது. அங்கே தப்பு குண்டிலா, குழலிலா, சுட்டவரிலா என்று தேட வேண்டும். இந்தத் துப்பறிதல்தான் ரைபிள் சுடுதலின் முழுச் சுவையும்.

முதல் சந்தேகம் குழல்மேல். ரைபிள் குழலின் உட்சுவரில் திருகுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றில் பிதுங்கி, சுழன்றுகொண்டே வெளியேறும். சுழலாத நீள்குண்டு காற்றில் தலைகுப்புறப் புரண்டுவிடும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும். எவ்வளவு தூரத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பதைத்தான் ட்விஸ்ட் என்கிறார்கள். போட்டிக்கான .22 ரைபிள்களில் அது வழக்கமாகச் சுமார் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

ஏன் 16? இங்கிலாந்தின் வூல்விச்சில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-ல் பீரங்கிக் குண்டுகளுக்காக ஒரு கணக்குப் போட்டார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். 150-ஐ அந்த எண்ணால் வகுத்தால், எத்தனை விட்டத் தூரத்துக்கு ஒரு சுற்று தேவை என்பது வரும். .22 குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர், நீளம் ஏறக்குறைய 11.5. அப்படியென்றால் நீளம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். வகுத்தால் 73. அதை 5.6-ஆல் பெருக்கினால் 409 மில்லிமீட்டர். அங்குலத்தில் 16! பீரங்கிக்குப் போட்ட கணக்கு இந்தப் பொடிக் குண்டுக்கும் இவ்வளவு பிசகாமல் பொருந்துவதை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்ப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது.

இந்தக் கணக்கில் எடை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கனமான குண்டுக்கு வேகமான ட்விஸ்ட் வேண்டும் என்று ரேஞ்சில் சொல்வார்கள். உண்மையில் கேட்பது நீளம். ஒரே விட்டத்தில் எடையைக் கூட்டினால் நீளம் கூடுவதால் அந்தப் பேச்சு வழக்கமாகச் சரியாகிவிடுகிறது, அவ்வளவுதான். ஈயத்துக்குப் பதில் முழுக்கச் செம்பில் செய்த குண்டு, அதே எடைக்கு இன்னும் நீளமாக இருக்கும். அதற்கு ட்விஸ்டும் இன்னும் வேகமாக வேண்டும். வெளிநாடுகளில் பரவலாக உள்ள .223 ரகத்தில் இது நன்றாகத் தெரியும். 55 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். 77 கிரெய்ன் நீளக் குண்டுக்கு 8 அங்குலம் அளவில் வேண்டும். நீளக் குண்டை மெதுவான குழலில் போட்டுச் சுட்டால், அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம்போல நீண்ட கிழிசல் விழும். குண்டு பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறது என்று அர்த்தம். தேவைக்கு மேல் சுழலவிட்டாலும் பிரச்சினைதான். வார்ப்பில் குண்டின் ஒரு பக்கம் மயிரளவு கனமாக அமைந்திருந்தால், அதிகச் சுழற்சி அந்தக் குறையைப் பெரிதாக்கி குரூப்பை விரித்துவிடும்.

ஒலிம்பிக் .22-ல் இந்தத் தேர்வுக்கு இடமில்லை. குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே, நொடிக்கு 325 மீட்டர் அளவில். ஒலித்தடையைத் தாண்டிப் போய், வேகம் குறைந்து மறுபடி அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு குலுங்கும் என்பதால் வேண்டுமென்றே இப்படி மெதுவாகச் செய்கிறார்கள். மெதுவாக என்று சொன்னாலும் அது நொடிக்கு 800 சுற்று சுழல்கிறது. எல்லோரிடமும் ஒரே ட்விஸ்ட், ஒரே எடை. அப்படியானால் பொருத்தம் பார்க்க என்ன இருக்கிறது?

லாட் இருக்கிறது, அதாவது ஒரே தடவையில் சேர்ந்து தயாரான தோட்டாத் தொகுதி. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே விலை. ஆனால் ஒரு லாட் தோட்டா ஒரு குழலில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கூடும், பக்கத்து ரைபிளில் சிதறும். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்த குழல்களாகவே இருக்கலாம். பெட்டியைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, சுட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அதற்காகவே பர்மிங்ஹாம் பக்கத்தில் ஈலி நிறுவனமும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாப்புவாவும் சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன. ரைபிளின் கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை இரும்புப் பிடியில் இறுக்கி, லாட் லாட்டாகப் பத்துப் பத்துக் குண்டு சுட்டு, எது நெருங்கி விழுகிறதோ அதே எண்ணுள்ள பெட்டிகளை மொத்தமாக வாங்கிப்போவார்கள். 50 மீட்டர் அட்டையில் பத்து வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். லாட் தப்பானால் எவ்வளவு அசையாமல் சுட்டாலும் ஒன்பதுக்குப் போய்விடும். மூன்று நிலைத் தகுதிச் சுற்றில் குசாலே எடுத்தது 600-க்கு 590. அந்தப் புள்ளிகளில் ஒரு பங்கு, போட்டிக்கு முன்பே தோட்டாப் பெட்டிக்குள் இருந்தது.

ஏர் ரைபிளின் குட்டி ஈயக் குண்டான பெல்லட்டுக்கும் இதே பாடுதான். 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டத்தில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசப்படுத்தி விற்பார்கள். வாங்கி வந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள்.

இந்தச் சோதனையை எல்லோரும் ஜெர்மனி போய்ச் செய்ய முடியாது. மேசையில் வைத்துச் செய்வார்கள். என்னைக் கேட்டால், போட்டியைவிட நின்று பார்க்கத் தகுந்தது அதுதான். மேசையில் சுடுவது சுலபம் என்று நினைப்போம். முன்னால் ஒரு தாங்கி, பின்னால் ஒரு மணல் பை, நடுவில் ரைபிள், பிறகென்ன? நல்ல கைக்காரரை உற்றுப் பாருங்கள். தாங்கியின்மேல் ரைபிளின் கட்டைதான் இருக்கும், குழல் எதையும் தொடாது. சுடும்போது குழல் தட்டிய கம்பிபோல அதிரும். அதைத் தொட்டால் அதிர்வு மாறும், குண்டும் இடம் மாறும். ஒவ்வொரு முறையும் கட்டையின் அதே இடம் தாங்கியின் அதே இடத்தில் வந்து உட்காருகிறதா என்று பாருங்கள். சிலர் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருப்பார்கள். இடது கை முன்னால் இருக்காது. பின் பையைப் பிடித்து, விரலால் அழுத்தியும் தளர்த்தியும் உயரத்தை மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்துகொண்டிருக்கும். அந்த விரல்களைப் பார்ப்பதே ஒரு ரசனை. கன்னம் கட்டையை எவ்வளவு அழுத்துகிறது, தோள் எவ்வளவு தாங்குகிறது என்பது எவ்வளவானாலும் பரவாயில்லை, மாறக் கூடாது. முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். துடைத்த குழலில் ஈயமும் மெழுகும் ஒரு படலமாகப் படிந்து நிதானத்துக்கு வர வேண்டும்.

விசையை இழுத்ததும் தலை நிமிர்ந்து அட்டையைப் பார்ப்பவர் புதியவர். பழகியவர் குண்டு போன பிறகும் அதே பார்வையில், விசையைப் பிடித்தபடி ஒரு நொடி இருப்பார். மேசையில் மனிதத் தவறு முழுவதும் போய்விடாது. ஆனால் அது குறைந்துபோவதால் குழலும் குண்டும் எப்படிச் சேர்கின்றன என்பது அப்பட்டமாகத் தெரியும். அங்கே சிதறாத குரூப் நின்று சுடும்போது சிதறினால், குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது டிவிக்கு வரலாம். 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. உச்சம் 10.9. ஒவ்வொரு 0.1-க்கும் கால் மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பாரிஸில் 60 குண்டில் 630.7 எடுத்துப் பத்தாவதாக வந்து இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். 631.5 எடுத்த ரமிதா ஜிண்டால் உள்ளே போனார். வித்தியாசம் 0.8. அறுபது குண்டுகளின் விலகலையும் கூட்டினால் இருவருக்கும் இடையில் 2 மில்லிமீட்டர். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் 10.2 என்று திரையில் வரும்போது நமக்கே வயிற்றில் ஏதோ செய்யும்.

ஆகவே எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். துப்பாக்கியைத் தசையால் தூக்கவில்லை, இடுப்பு எலும்பின்மேல் முழங்கையை ஊன்றி எலும்பால் தாங்குகிறார்கள். ரைபிளை ஏற்றிக் குறி பார்த்துவிட்டுச் சுடாமல் இறக்கினால், அதைத் தயக்கமென்று எண்ணாதீர்கள். சரியில்லாத குண்டைச் சுடாமல் விடுவது ஒரு பெரிய திறமை. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்பவருக்கு நான் மனதுக்குள் கை தட்டுவேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றில் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் கடைசிக் குண்டுக்கு முன் சமமாக நின்றார்கள். பிந்த்ரா 10.8, ஹாக்கினன் 9.7. எல்லோரும் அந்த 10.8-ஐ நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட முதல் சோதனைக் குண்டே எங்கோ ஓரத்தில் போய் விழ, அவசரமாகப் பார்வைக் கருவியைச் சரிசெய்துகொண்டு பிந்த்ரா ஆரம்பித்தார் என்பதுதான் என் கணக்கில் பெரிய சாதனை. குரூப்மேல் நம்பிக்கை இருந்தவருக்குத்தான் அந்த நேரத்தில் திருகைத் தொடத் துணிவு வரும்.

குசாலேயின் வெண்கலத்தையும் இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். மண்டியிட்ட நிலை முடிந்தபோது ஆறாவது, படுத்த நிலை முடிந்தபோது ஐந்தாவது, நின்ற நிலையில் மூன்றாவது. 44 குண்டில் 451.4, சராசரி 10.26. குரூப் கடைசிவரை விரியவில்லை.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மும்பை வசதியான ஊர். ஒர்லியில் மகாராஷ்டிரா ரைபிள் அசோசியேஷன் ரேஞ்ச் இருக்கிறது. தாதர் கீர்த்தி கல்லூரியில் என்.சி.சி. மாணவியாக இருந்து 2000 சிட்னி ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றுவரை போன அஞ்சலி பாகவத், பயிற்சியாளர் சஞ்சய் சக்ரவர்த்தியிடம் பழகியது இந்த ஊரில்தான். ஹார்பர் லைனில் கடைசிவரை உட்கார்ந்து போனால் பன்வேல். 2004-ல் ஆசியத் துப்பாக்கிச் சுடுதல் சாம்பியன்ஷிப்பில் 400-க்கு 400 சுட்ட சுமா ஷிரூரின் லக்ஷ்யா கிளப் அங்கே. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். சுடுபவருக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். .22 என்றால் காதுக்கு அடைப்பான் கட்டாயம். ஏர் ரைபிளுக்கு வேண்டாம், ஆனால் போனை அணைத்துவிடுங்கள்.