மிகுமின் நிறுவனமும் நகரியமும்

தொழிலுக்கு இடும் பெயர் அத்தொழிலை உணர்த்துவதாக இருத்தல் வேண்டும். இவ்வளவுகோல் கொண்டு, திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் உள்ள இந்திய அரசுப் பெருந்தொழிலகத்தின் பெயரை ஆராயலாம்.

1964இல் அமைக்கப்பட்ட அந்நிறுவனம், 1974இல் போபாலில் இயங்கிய மூத்த நிறுவனத்தோடு இணைந்து ஒன்றாயிற்று. திருவெறும்பூர் ஆலை செக்கோசுலோவாக்கிய நாட்டின் துணையுடன் எழுந்தது. தமிழில் இது 'பாரத மிகுமின் நிறுவனம்' என வழங்குகிறது.

ஆங்கிலப் பெயரில் 'கனத்த' என்னும் பொருள்தரும் அடை, மின்துறைக்குரிய பெரும் பொறிகளைச் சுட்டும். தமிழிலோ அவ்வடை மின்னைச் சார்ந்துவிட்டது. 'மிகுமின்' வினைத்தொகை, மிகுந்த மின், மிகுகின்ற மின், மிகும் மின் என விரியும். ஆயின் திருவெறும்பூரில் ஆக்கப்படுவது மின் அன்று, கொதிகலனே. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிய, குழாய்களில் ஓடும் நீர் உயரழுத்த நீராவியாகிச் சுழலியைச் சுழற்றும். சுழலி மின்னாக்கியை இயக்கும். அதன் பின்னரே மின் பிறக்கும்.

மின் மிகுதற்குக் கருவியான பொறிகளைச் செய்யும் இடத்தை மின்னின் பெயரால் சுட்டியது காரியவாகுபெயரை ஒக்கும் என்று அமைதி கூறுவாரும் உளராகலாம். இலக்கணம் இடந்தரினும், உரையின்றிப் பொருள் விளங்காத பெயர் மக்கள் வழக்கில் நிலைப்பது அரிது. 'பெல்' என்னும் ஆங்கிலச் சுருக்கமே மக்கள் நாவில் வாழ்வது இதற்குச் சான்று. 'பெருமின்பொறி நிறுவனம்' என்றிருப்பின் மாணவனும் பொருள் உணர்ந்திருப்பான்.

இதற்கு மாறாக, 'டவுன்ஷிப்' என்பதற்கு வழங்கும் 'நகரியம்' பாராட்டத்தக்க ஆக்கம். நெய்வேலி நகரியத்தால் இச்சொல் தமிழகத்தில் நன்கு வேரூன்றியுள்ளது. திருவெறும்பூர் ஆலையைச் சார்ந்த கைலாசபுரமும் இத்தகைய குடியிருப்பே. அங்கு வீடும் பள்ளியும் மருத்துவமனையும் உண்டு. நிழல்மரச் சாலைகளும் உண்டு. எனினும் அதனை 'ஊர்' என்றல் பொருந்தாது. ஊரில் மனிதன் பிறக்கிறான், முதுமை எய்துகிறான், அங்கேயே மண்ணாகிறான். நகரியத்திலோ பணி ஆணையோடு வீடு வருகிறது. பணி ஓய்வோடு அதனை விட்டு நீங்குவதே பொதுவிதி. இவ்வேறுபாட்டை மறைக்காமல் தனிச்சொல்லாக நிற்பதே 'நகரியம்' என்பதன் சிறப்பு.

ஆயினும் இச்சொல் அடக்காதவர் பலர். ஆலையின் வேலை ஆணைகளை நம்பித் துவாக்குடி வட்டாரத்தில் பட்டறை வைத்தோரும், ஒப்பந்தக் கூலிகளும் நகரியத்தார் அல்லர்; ஆலைக்கு வேலை குறைந்தால் முதலில் வாடுவோர் அவர்களே. அவர்களையும் உளப்படுத்தும் சொல் இன்னும் தமிழில் அமையவில்லை.

'நகரியம் யாது?' என மாணவன் வினவின், 'தொழிற்சாலை ஊர்' என விடை கூறுதல் குறையுடைத்து. லயத்து வீட்டை அறிந்த மலேசிய மாணவனுக்கு விளக்கம் எளிது. வசதியில் இரண்டும் மலையும் மடுவும் ஆயினும், வேலையோடு வந்து வேலையோடு போகும் வீடு என்பதில் இரண்டும் ஒன்றே. சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வொற்றுமையையும் சேர்த்தே கற்பித்தல் நலம்.