ஏற்ற விலங்கு கிடைத்துவிட்டால் போதுமா?
(ஆகஸ்ட் குரோக்கின் பாஸ்டன் உரை: ஒரு மதிப்பீடு)

விஞ்ஞான மாநாடுகளில் படிக்கப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை மாநாடு கலைந்ததுமே மறந்துபோகும். 1929 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் கூடிய அகில உலக உடலியங்கியல் மாநாட்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் ஆகஸ்ட் குரோக் ஆற்றிய உரை அப்படி மறக்கப்படவில்லை. இரத்தத் தந்துகிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1920-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்.

உரையின் மையக் கருத்து எளியது. உடலியங்கியலின் பல கேள்விகளுக்கு, அவற்றை வசதியாக ஆராய்வதற்கென்றே அமைந்தாற்போல் ஏதேனும் ஒரு விலங்கு இருக்கும். குரோக்கின் ஆசிரியர் கிறிஸ்டியன் போர் இரு நுரையீரல்களையும் தனித்தனியே ஆராய விரும்பினார். ஒருவகை ஆமையின் மூச்சுக்குழல் கழுத்தின் மேற்பகுதியிலேயே இரண்டாகப் பிரிவது கண்டு, அதையே பயன்படுத்திக்கொண்டார். இத்தகைய விலங்குகளைத் தேடித்தர விலங்கியலாரின் துணை வேண்டும் என்கிறார் குரோக்.

பின்வந்த ஆண்டுகள் இதை மெய்ப்பித்தன. கணவாயின் தடித்த நரம்பிழையைக் கொண்டே ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புத் துடிப்பின் இயக்கத்தை 1952-இல் விளக்கினர்.

ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, ஏற்ற விலங்கு சரியான முடிவுக்கு உறுதி தராது. நுரையீரல் ஆக்சிஜனைச் சுரந்து உள்ளே தள்ளுகிறது என்று நம்பியவர் அதே போர்தான். சாதாரண விரவலே போதும் என்று 1910-இல் காட்டியவர்கள் குரோக்கும் அவர் மனைவி மேரியும்!

இரண்டாவது குறை பெரிது. இக்கருத்தின்படி விலங்கு வெறும் கருவியாகிவிடுகிறது. அது எங்கே வாழ்கிறது, எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்வி பின்தள்ளப்படுகிறது. அக்கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தவர்களுள் குரோக்கின் மகள் போடிலும் மருமகன் குனூட் ஷ்மிட்-நீல்சனும் அடங்குவர். அரிசோனாப் பாலைவனத்துக் கங்காரு எலி தண்ணீரே குடிக்காமல் எப்படி உயிர்வாழ்கிறது என்று அவர்கள் 1940-களில் ஆராய்ந்தனர். உலர்ந்த விதைகள் உடலில் எரியும்போது உண்டாகும் நீரைக்கொண்டும், மிகச் செறிந்த சிறுநீரால் நீரிழப்பைக் குறைத்தும் அது வாழ்வதைக் கண்டனர். இங்கே விலங்கின் வாழ்க்கையே கேள்வி.

சோதனைகளும் கட்டுரைகளும் குவிகின்றன, அவற்றைப் பற்றிய சிந்தனையோ குறைவு என்றும் குரோக் அவ்வுரையில் வருந்தினார். இன்று சுண்டெலியையும் பழ ஈயையும் சுற்றியே ஏராளமான ஆராய்ச்சி நடக்கிறது. எனவே முதன்முறையாக மாநாட்டுக்குச் செல்லும் இளம் ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு கட்டுரையையும் கேட்டு முடித்ததும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: 'ஏன் இந்த விலங்கு? இதன் முடிவு வேறு எந்த விலங்குக்குப் பொருந்தும்?' பதில் சொல்லத் தடுமாறும் கட்டுரைகள் எத்தனை என்பதை அவரே கண்டுகொள்வார்.