ஊருக்குக் கொண்டுபோகும் கணினி

ஷார்ஜாவில் எங்கள் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருநாள் இரவு கதவைத் தட்டினார். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தால் கேம் விளையாட கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக மகனிடம் சொல்லியிருந்தார். தேர்வு முடிந்துவிட்டது. "அண்ணே, எந்த கேமிங் லேப்டாப் வாங்கலாம்? நாளைக்கு ஊருக்குப் போனாலும் காலேஜுக்கு ஆகணும், பாத்துக்குங்க" என்றார். லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்ற கேள்வியே அவரிடம் எழவில்லை. ஊருக்குப் போகும் நாள் அதை எப்போதோ முடிவு செய்துவிட்டது.

வளைகுடாவுக்கு வந்த நம்மவர்கள் எந்தப் பெரிய பொருளையும் அந்த நாளை நினைத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர், பிறகு விசிஆர், பிறகு பெரிய டிவி. அந்த வரிசையில் இப்போது கேமிங் லேப்டாப் வந்து நிற்கிறது. கேம் மீதிருந்த பழைய வெறுப்பும் பெற்றோரிடம் குறைந்திருக்கிறது. 2024 கோடையில் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையின் மொத்தப் பரிசுத் தொகை 6 கோடி டாலர். கேமிங் துறையில் 30,000 வேலைகளை உருவாக்கப்போவதாக துபாய் 2023 நவம்பரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. பையன் விளையாடக் கேட்டால் வாங்கித் தர அப்பாக்கள் தயாராகிவிட்டார்கள். ஆனால் எதை வாங்குவது என்பதில் பழைய கணக்கையே போடுகிறார்கள். கணினியில் விளையாடத் தொடங்கும் ஒரு பிள்ளைக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் நஷ்டம் என்பதுதான் என் எண்ணம்.

அந்தக் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. துபாயில் தேராவிலும் சத்வாவிலும் பெட் ஸ்பேஸில் இருப்பவருக்குச் சொந்தமாக இருப்பது ஒரு கட்டிலும் தலைமாட்டில் ஒரு பிளக்கும்தான். அவரிடம் போய் மானிட்டர், கேபினட் என்று பேச முடியாது. அவருக்கு லேப்டாப்தான் சரி. வாடகை ஏறினால் வீடு மாறும் குடும்பத்துக்கும் மூடி எடுத்துக்கொண்டு கிளம்புவது பெரிய வசதி. இந்தியச் சுங்க விதியும் லேப்டாப் பக்கமே சாய்கிறது: 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைத் தீர்வையின்றிக் கொண்டுபோகலாம். டெஸ்க்டாப்புக்கு அந்தத் தனிச் சலுகை கிடையாது. பயணியின் பொதுவான வரம்புக்குள்தான் அதன் மதிப்பு அடங்க வேண்டும். இங்கே வாட் வரி 5 சதவீதம், ஊரில் ஜிஎஸ்டி 18. மின்சாரம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஊரில் கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கிறது.

குறை தொடங்குவது கடையின் விலைச்சீட்டில். லேப்டாப்பில் உள்ள கிராபிக்ஸ் சிப்புக்கும் டெஸ்க்டாப் கார்டுக்கும் ஒரே பெயரை வைக்கிறார்கள், பொருள் ஒன்றல்ல. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டில் 12 ஜிபி நினைவகம், 5,888 கூடா கோர்கள். லேப்டாப்பில் அதே 4070 என்றால் 8 ஜிபி, 4,608 கோர்கள், சிப்பே வேறு. ஆர்டிஎக்ஸ் 4060 கதை இன்னும் மோசம். லேப்டாப் செய்யும் நிறுவனம் அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் வேண்டுமானாலும் ஒதுக்கலாம். மெலிதாக, அழகாக இருக்கும் லேப்டாப்பில் அந்த ஒதுக்கீடு குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே பெயருள்ள இரண்டு லேப்டாப்புகள் ஒரே கேமில் இரண்டு வேகத்தில் ஓடும். இந்த வாட் எண் மாடலின் முழு விவரக்குறிப்பில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அதைக் கேட்காமல் கேமிங் லேப்டாப்புக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் 3,000 திர்ஹத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினேன். மேசை போட இடமில்லை. கட்டிலில் போர்வை மேல் வைத்துத்தான் விளையாடுவேன். முதல் கோடை முடிவதற்குள் கேம் நடுவில் திக்கித் திணற ஆரம்பித்தது. விசிறி ஊளையிடும், டபிள்யூ விசையில் விரலை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. பர்துபாயில் காலித் பின் அல் வலீத் சாலையை ஒட்டி, எல்லோரும் கம்ப்யூட்டர் ஸ்ட்ரீட் என்று சொல்லும் பகுதியில் ஒரு மலையாளிச் சேட்டனிடம் கொண்டுபோனேன். அவர் அடித்தட்டைக் கழற்றி என் பக்கம் திருப்பிக் காட்டினார். விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவில் பாலைவனத்துப் புழுதியும் போர்வைப் பஞ்சும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தன. இடுக்கியால் அதை அப்படியே ஒரு துண்டாக உரித்து எடுத்தார். பிறகு ராம் இருக்கும் இடத்தைத் தொட்டார். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. "எட்டு ஜிபி ஒத்த ஸ்டிக். பாதி ரோட்டிலேயே வண்டி ஓடுது" என்றார். அதே வகையில் இன்னொரு எட்டு ஜிபி போட்ட அன்று ராத்திரியே கேம் ஓடிய விதம் மாறிவிட்டது. விளம்பரத்தில் கிராபிக்ஸ் சிப்பின் பெயர் பெரிதாக இருக்கும். ராம் ஒன்றா இரண்டா என்பது இருக்காது. இங்கே ஏசி அறைக்குள்ளும் நுண்புழுதி வருகிறது. டெஸ்க்டாப் என்றால் பக்கத் தகட்டைத் திறந்து பிளோயரால் ஊதிவிடலாம், அதைப் பையனே செய்வான்.

கொண்டுபோகிற வசதி என்கிறோமே, அதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சராசரி கேமிங் லேப்டாப் இரண்டரைக் கிலோ, செங்கல் மாதிரி இருக்கும் சார்ஜர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோ என்றால் பாதி அங்கேயே போய்விடும். இங்கே வாங்கியதற்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பில் போடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இதைவிட முக்கியமானது காலம். பத்தாம் வகுப்புப் பையனுக்கு இப்போது வாங்கும் கேமிங் லேப்டாப் அவன் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ கல்லூரியில் சேரும்போது இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கும். பேட்டரி தளர்ந்திருக்கும். கல்லூரிப் பைக்குத் தேவைப்படுவது ஒன்றரைக் கிலோ லேப்டாப். நாள் முழுக்கச் சார்ஜ் நிற்க வேண்டும். ஒரே பொருளில் இரண்டு தேவையையும் முடிக்க நினைத்து, இரண்டுக்கும் அரைகுறையான ஒன்றை வாங்குகிறோம். டேபி, டமாரா போன்ற செயலிகள் விலையை நான்கு தவணையாக வெட்டித் தருவதால் அந்தத் தொகை கண்ணில் உறைப்பதும் இல்லை.

தொடங்குபவனுக்கு உண்மையில் என்ன தேவை? இந்த வயதுப் பிள்ளைகள் விளையாடும் வேலோரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, ஃபோர்ட்நைட் எல்லாமே இலவசம். பெரிய கணினி கேட்பவையும் அல்ல. ரைசன் 5 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ஆறு கோர் சிப், எட்டு எட்டாக 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, 1080 பி மானிட்டர். தனி கார்டே இல்லாமல் அமைப்புகளைக் குறைத்து வைத்து இந்த கேம்களை விளையாடலாம். ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் இருந்தால் கார்டு வாங்கிச் செருகலாம். பையன் எதில் நிற்பான் என்று தெரிவதற்கு முன்பே முழுப் பணத்தையும் லேப்டாப்பில் கொட்டினால் இந்த வழி அடைபட்டுவிடும். 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியதிலிருந்து, பழைய கணினியைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது.

பழைய கணினிக்கு வளைகுடாவைவிட நல்ல இடம் குறைவு. காரணம், நம்மை விரட்டும் அதே ஊர் நினைப்புதான். பள்ளி ஆண்டு முடிந்ததும், வேலை போனதும், விசா ரத்தானதும் மூட்டை கட்டுபவர்கள் இங்கே எப்போதும் இருக்கிறார்கள். டூபிஸில் விளம்பரத் தளத்திலும் கட்டட வாட்ஸ்அப் குழுக்களிலும் 'ஊருக்குப் போகிறோம்' என்ற வரியோடு சோபா, ஃப்ரிட்ஜ், கேமிங் பிசி எல்லாம் ஒன்றாக விலைக்கு வரும். எடுத்துப் போக முடியாத பொருள் என்பதால் விலை இறங்கும். ஆக, இங்கே கணினியை ஊருக்குக் கொண்டுபோக வாங்குவதைவிட, ஊருக்குப் போகும் ஒருவரிடம் வாங்கி, நாம் போகும்போது அடுத்தவருக்கு விற்றுவிடுவதே லாபம். கேம்களுக்குப் பெட்டி வேண்டாம். ஸ்டீமில் வாங்கியவை கணக்கோடு வந்துவிடும்.

இந்த வழியிலும் பள்ளம் உண்டு. கிரிப்டோ நாணயமான ஈத்தீரியம் 2022 செப்டம்பரில் மைனிங்கைக் கைவிட்ட பிறகு, அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. அதனால் கணினி இருக்கும் வீட்டுக்கே போய், ஒரு கனமான கேமை அரைமணி நேரம் ஓடவிட்டு, வெப்பத்தையும் விசிறிச் சத்தத்தையும் கவனிக்காமல் காசு கொடுக்கக் கூடாது. அலுவலகங்கள் கழித்துப்போடும் சிறிய டெஸ்க்டாப்புகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றின் பவர் சப்ளை பெரிய கார்டைத் தாங்காது. ஜிடிஎக்ஸ் 1650 போல 75 வாட்டில் முடியும் குட்டைக் கார்டுதான் பொருந்தும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால் தொடவே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அந்தச் சிப்புகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இல்லாமல் வேலோரன்ட் திறக்காது. நாளைக்கு நாமே அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும் என்பதையும் மறைக்க முடியாது. அப்படிப் போனாலும், முதலில் கொடுத்ததே குறைவு என்பதால் இழப்பு தாங்கக்கூடியது.

திருநெல்வேலிக்காரர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "கடைசியில அதைத் தூக்கிப் போட்டுட்டுப் போறதுதானே அண்ணே?" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. இங்கே சம்பாதித்தது எதுவும் இங்கேயே நின்றுவிடக் கூடாது என்று இருபது வருடமாக வாழ்ந்தவர். மூன்று வாரம் தேடினோம். ஷார்ஜாவிலேயே அபு ஷகாராவில் ஊருக்குக் கிளம்பும் ஒரு குடும்பத்தின் டெஸ்க்டாப், மானிட்டரோடு, புது லேப்டாப் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்தது. ஹாலில் பாதி கட்டிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அந்த வீட்டுப் பையன் கேமை ஓட்டிக் காட்டினான். கார்டில் சூடு அளவாக இருந்தது. ராம் இரண்டு ஸ்லாட்டிலும் இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்ததும் அவன் தன் ஸ்டீம் கணக்கிலிருந்து வெளியேறி, கடவுச்சொல் சேமிப்பையெல்லாம் அழித்து, நாற்காலியை எங்கள் பையன் பக்கம் தள்ளினான். பிறகு மவுஸை மட்டும் கழற்றி வயரைச் சுற்றிக்கொண்டு, "இது சின்னதுதானே அங்கிள், இதை நான் எடுத்துட்டுப் போறேனே" என்றான்.