மணற்பாலையில் வண்மையும் வறுமையும்

அராபிய நாட்டின் தென்பகுதியில் ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் கிடக்கிறது ரூபல் காலி என்னும் பெருமணற்பாலை. வெறுமையான நிலப்பகுதி என்பது அப்பெயரின் பொருள். அங்கே ஒட்டகத்தோடு வாழ்ந்த பெடூயின் மக்களோ அதனை மணல் என்றே வழங்கினர். தம் வாழிடத்தை வெறுமை என்று எவர்தாம் அழைப்பர்? தமிழ் மரபில் பாலை பிரிவுக்குரிய நிலம். இவர்க்கோ அதுவே வீடு.

இம்மக்களுடன் 1945 முதல் 1950 வரை திரிந்த வில்பிரெட் தெசிஜர் என்னும் ஆங்கிலேயர் 1959-இல் வெளியிட்ட ‘அரேபியன் சாண்ட்ஸ்’, ஆங்கிலப் பயண நூல்களுள் தலைசிறந்த ஒன்றாகப் போற்றப்படுகிறது. போற்றுதற்குரியதே. ஆயினும் அதன் முடிபை அப்படியே ஏற்றல் இயலாது.

நூலின் உயிர் அதன் நிகழ்ச்சிகளில் உள்ளது. 1946-ஆம் ஆண்டின் இறுதியில், ஓமானின் சலாலாவிலிருந்து புறப்பட்ட சிறுகுழு மணலைக் கடக்கிறது. பல நாள் அரைப்பட்டினி. ஒருநாள் முயல் ஒன்று அகப்படுகிறது. கறி வேகும் மணத்திலேயே அனைவர்க்கும் நாவூறுகிறது. அவ்வேளை பார்த்து அயலார் சிலர் வந்து சேர்கின்றனர். ரொட்டியும் கறியும் முழுவதும் அவர்கள்முன் வைக்கப்படுகின்றன. உடனுண்ண அழைத்தும் மறுத்து, இன்று நல்ல நாள் என்று முகமலர்ந்து உபசரிக்கின்றனர் பசித்தவர்கள். தெசிஜர் மட்டும் உள்ளுக்குள் புகைகிறார். அதனை ஒளியாது எழுதியும் விடுகிறார். தம் சிறுமையைத் தாமே காட்டும் இந்நேர்மை பயண நூலாசிரியர் பலரிடம் காணக் கிடைப்பதன்று.

இடர்ப்பாடுதான் இப்பண்புகளை வளர்த்தது, எண்ணெய்ச் செல்வமும் மோட்டார் வண்டியும் வந்தால் இவை மாயும் என்பது தெசிஜரின் கட்சி. இதனை மறுக்கும் சான்று அவர் நூலிலேயே உள்ளது. கந்தையுடுத்த முதியவர் ஒருவரைத் தோழர்கள் பெருமதிப்புடன் வரவேற்கின்றனர். அவர் முன்னாளில் பெருஞ்செல்வர். வந்த விருந்தினர்க்கெல்லாம் ஒட்டகத்தை அறுத்து உணவிட்டே ஏழையானவர். எனவே வறுமை அவரை வள்ளலாக்கவில்லை. வண்மையே அவரை வறியராக்கியது! செல்வத்திலும் ஈகை நின்றதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? இந்நிகழ்ச்சியை இத்துணை அழகுற எழுதிய ஆசிரியர், அதன் பொருளை ஏனோ எண்ணிப் பார்த்திலர்.

மேலும், தெசிஜர் சலித்தபோது இலண்டனுக்குத் திரும்பலாம். உடன் சென்ற இளைஞர் பின் கபீனாவுக்கு அவ்வழி இல்லை. 1970-க்கு முன் ஓமான் முழுமைக்கும் இருந்த அரசுப் பள்ளிகள் மூன்றே. பழிக்குப்பழிக் கொலைகளையும் கொள்ளைகளையும் பற்றி நூலிலேயே பல செய்திகள் உள. பெண்கள் அரிதாகவே தோன்றுகின்றனர். அவர்களைக் கேட்டிருந்தால் அவ்வாழ்வைக் குறித்து வேறு சொல்லியிருக்கவும் கூடும். தாம் வரைந்த நிலப்படங்களே பிறர் உட்புக வழிகாட்டின என்பதையும் தெசிஜர் மறைக்கவில்லை.

1977-இல் மீண்டும் சென்று, மாறிவிட்ட நாட்டைக் கண்டு மனங்கசந்தார். 1990-இல் அபுதாபி சென்ற பின்னரோ, மாறுதலுக்கு மனம் இசைந்ததாகத் தாமே எழுதினார். பழம்பதிப்பை மட்டும் படிப்போர் இதனை அறியார். பிற்பதிப்பின் முன்னுரையையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

முபாரக் பின் லண்டன் என்பது பெடூயின்கள் அவருக்கு இட்ட பெயர். அவர் எடுத்த படங்கள் அல் ஐன் நகரின் ஜாஹிலிக் கோட்டையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின் கபீனாவின் இளமையையும் கலைந்த கூந்தலையும் அங்கே காணலாம். முயற்கறியை விருந்தினர்முன் தள்ளிவிட்டுப் பசியை மறைத்த அவரைக் காண நூலைத்தான் திறக்க வேண்டும்.