டிராக் பாடியவர்

ரகுமானின் ‘திமிறி எழுடா’வை ஹெட்போனில் போட்டுக்கொண்டு, எங்கள் கோலார் தங்கவயலுக்குப் பக்கத்துப் பேத்தமங்களா ஏரிக்கரையில் நடப்பது, 2024 ஜனவரியில் அந்தப் பாட்டு வந்ததிலிருந்து எனக்குப் பழக்கம். மறைந்த பாடகர்கள் இருவரின் குரலை ஏஐ-யில் கொண்டுவந்த பாட்டு. ஷாகுல் ஹமீது திரும்பி வந்துவிட்டார், பம்பா பாக்யா திரும்பி வந்துவிட்டார் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். நான் காது கொடுப்பது அவர்களுக்கு இல்லை. அந்தக் குரல்களுக்கு அடியில் நின்று பாடிய ஆளுக்கு.

குரல் மாற்றும் வேலையில் யாராவது ஒருவர் முழுதாகப் பாடியே ஆகவேண்டும். ஏஐ மாடல் அதை வாங்கிக் குரலின் நிறத்தை மட்டும் மாற்றித் தருகிறது. தாளத்தில் எங்கே முந்துவது, எந்த எழுத்தை அழுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது எல்லாம் பாடியவர் கொடுத்ததுதான். இவருக்கு நம் சினிமாவில் பழைய பெயர் ஒன்று உண்டு: டிராக் பாடகர். பெரிய பாடகருக்குத் தேதி இல்லாதபோது ஷூட்டிங்குக்காகப் பாடிக் கொடுப்பார். அதை வைத்துக் கதாநாயகி மலையிலும் அருவியிலும் ஆடிவிட்டு வந்துவிடுவாள். பிறகு பெரியவர் வந்து பாடியதும் டிராக்கை அழித்துவிடுவார்கள். இவருக்குக் கவரில் கொஞ்சம் பணம். அழிந்தது மொத்தமாக அழிந்தது. இப்போது அப்படி இல்லை. நிறம் போகிறது, மூச்சு தங்கிவிடுகிறது. ஒருவர் நெஞ்சிலிருந்து வந்த காற்றின்மேல் இன்னொருவர் குரலைப் பூசியிருக்கிறார்கள். சமீப காலச் சினிமாவில் இதைவிட ருசியான சங்கதி எனக்கு வேறொன்றும் தட்டுப்படவில்லை.

‘திருடா திருடா’வின் ‘ராசாத்தி’யை ஒருமுறை கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். 1993. வாத்தியமே இல்லாத பாட்டு. சுற்றி நிற்கும் கோரஸ்தான் துணை, ஷாகுல் ஹமீதுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. வரியை இழுத்துக்கொண்டே போய்க் கடைசிச் சொட்டுவரை செலவழித்துவிட்டு, பிறகுதான் காற்றை உள்ளே வாங்குவார். முப்பது வருடம் கழித்து வந்த பாட்டில் அந்த வெயில்பட்ட குரல் அப்படியே இருக்கிறது. மூச்சு மட்டும், என் காதுக்கு, வேறு ஆளுடையது. கொஞ்சம் இளையது, செலவு செய்யப் பயப்படுவது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடுக்கில் நான் காத்திருப்பேன். அங்கேதான் அவர் தலைகாட்டுவார். அதைக் குறை என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரே தொண்டையில் இரண்டு பேர் குடியிருப்பதைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்துத்தான் செய்ததாக ரகுமான் வெளிப்படையாகச் சொன்னார். அந்த மரியாதைக்கு ஒரு கும்பிடு. அதே 2024-ல் ‘கோட்’ படத்தில் ‘சின்னச் சின்னக் கண்கள்’ வந்தது. ஜனவரியில் போய்விட்ட பாடகி பவதாரிணியின் குரல், ஏஐ-யில், தம்பி யுவனின் இசையில். ஒரு தம்பி செய்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தாலும், ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ பாடித் தேசிய விருது வாங்கியவரின் குரலில் ஒரு தயக்கம் இருக்குமே, அதைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். துடைத்துவைத்த பாத்திரம்போல் இருக்கிறது.

என் நண்பர் ஒருவருக்கு இதெல்லாம் வெட்டிப் பேச்சு. அவருக்கு முகம்தான் முக்கியம். அதே ‘கோட்’டில் மறைந்த விஜயகாந்த் ஏஐ-யில் வந்து நின்றதும் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தவர். முகத்தை என் கண் மூன்று நொடிக்குமேல் நம்புவதில்லை, என்ன செய்வது? இன்னொரு கட்சி, எழுதிப் போட்டால் படமே வரும் என்பவர்கள். பெங்களூரில் ஒரு கோயில் அர்ச்சகர் சுமார் 10 லட்ச ரூபாயில், கேமரா முன்னால் நடிகர் யாரும் நிற்காமலே ‘லவ் யூ’ என்று முழுநீளக் கன்னடப் படமே எடுத்து 2025-ல் வெளியிட்டார். துணிச்சலை மெச்சுகிறேன். களைத்துப்போக ஆளே இல்லாத படத்தில் எனக்கு வேலையில்லை. ‘அம்பிகாபதி’ விவகாரம் வேறு. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வேண்டாம் என்றபோதும் 2025 ஆகஸ்டில் பழைய படத்தின் முடிவை ஏஐ-யில் மாற்றி ஓட்டினார்கள். செத்தவன் கண் திறந்தான். அதைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை.

நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது ‘தி புரூட்டலிஸ்ட்’ படத்தின் எடிட்டர் டேவிட் யான்சோவை. ஏட்ரியன் பிராடியும் ஃபெலிசிட்டி ஜோன்ஸும் உயிரைக் கொடுத்து ஹங்கேரிய மொழி பேசியும் சில எழுத்துகள் நாக்கில் ஏறவில்லை. யான்சோ ஹங்கேரியர். தானே பேசிக் கொடுத்து, ரெஸ்பீச்சர் என்ற குரல் மாற்றும் மென்பொருள் வழியாக அந்த எழுத்துகளை மட்டும் மாற்றினார். எடிட்டரே டிராக் பேசியிருக்கிறார்! விருதுக் காலத்தில் அதைப் பெரிய குற்றமாக்கிப் பேசினார்கள். எனக்கோ பிராடியின் வாயில் யான்சோவின் நாக்கு எங்கே எட்டிப் பார்க்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே இன்னொரு முறை படம் பார்க்கத் தோன்றியது.

தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்துக் குழு ஒன்றில் ‘டிஎம்எஸ் வாய்ஸ்’ ஒருவர் இருந்தார். பகலில் மைன்ஸில் ஃபிட்டர். கண்ணை மூடிக் கேட்டால் சௌந்தரராஜனே. ஆனால் டிஎம்எஸ் ஒரே மூச்சில் தாண்டும் இடத்தில் இவர் மைக்கை விட்டு முகத்தைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பி, ஒரு வாய்க் காற்று அள்ளிக்கொண்டு வருவார். பையன்கள் நாங்கள் பாட்டைவிட அந்தத் திருப்பத்தைத்தான் பழகினோம். இன்றைக்கு மேடையில் கரோக்கி ஓடுகிறது, சுருதியைப் பெட்டி திருத்துகிறது. யாரும் முகத்தைத் திருப்புவதில்லை.

இந்தப் பைத்தியத்தோடுதான் நானும் ஒரு பதினான்கு நிமிடப் படம் எடுக்க இறங்கினேன். பேத்தமங்களா தண்ணீர்தான் கதை. பாலாற்றை மறித்த இந்த ஏரியிலிருந்துதான் மைன்ஸுக்கும் லைன் வீடுகளுக்கும் தண்ணீர் ஏறிப் போனது. எங்கள் ஊர்ப் பெயரில் வந்த ‘கேஜிஎஃப்’ படங்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட அளவுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை என்ற ஆற்றாமை எனக்கு.

கரையில் பத்துப் பேரைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பரில் கொடுத்தால், அது முதல் அரை நிமிடத்தைக் கேட்டு மொழியைத் தீர்மானித்துவிடுகிறது. எங்கள் ஆட்களோ தெலுங்கில் நலம் விசாரித்து, தமிழில் கதை சொல்லி, கன்னடத்தில் முடிப்பவர்கள். எழுத்து வடிவத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. உட்கார்ந்து கையால் எழுதினேன். எடிட்டிங்குக்கு உதவிய பையன் டாவின்சியில் வாய்ஸ் ஐசொலேஷனை நேராக 100-ல் வைத்தான். பேச்சு பளிச்சென்று வந்தது, ஏரி போய்விட்டது. கோரைப்புல்லில் உரசி வருகிற அந்தக் காற்று இல்லாமல் பேசினால் அவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? 40-க்கு இறக்கச் சொன்னேன். “இரைச்சல் வருதே சார்” என்றான். வரட்டும் என்றேன். இந்தப் பையன்களுக்குக் குமிழைத் திருகத் தெரிகிறது, நிறுத்தத் தெரியவில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

படத்துக்குப் பின்னணிக் குரலாக அப்பா வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருடம் கீழே இறங்கியவர். 2001 பிப்ரவரி 28-ல் மைன்ஸை மூடியபோது இருந்தார், இப்போது இல்லை. ரகுமான் கேட்டாரே, நானும் அம்மாவிடம் கேட்டேன். “அவரு கொரலு கேக்கும்னா செய்” என்றாள். இருந்தது ஒரே கேசட், அக்கா கல்யாணத்தில் அப்பா யாரையோ வரவேற்றுப் பேசிக்கொண்டே இருப்பது. மேளத்தைப் பிரிக்க டெமூக்ஸில் போட்டேன். தவிலைக் கழற்றியது, நாதஸ்வரத்தைப் பாதி இடங்களில் மனிதக் குரல் என்றே எடுத்துக்கொண்டது. (எடுத்துக்கொள்ளாதா பின்னே?) கத்தரித்துக் கத்தரித்துப் பதினொரு நிமிடம் தேறியது. குரல் மாற்றும் ஆர்விசிக்கு அது போதும்.

டிராக்கை நானே பேசினேன். இரண்டு இரவுகள். மூன்றாம் நாள் அப்பா பேசினார். அப்பாவேதான். பெருமையோடு, அவருடன் ஒரே ஷிப்டில் இறங்கிய பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

“இன்னாடா இது? உங்கப்பன் இவ்ளோ நீளமா ஒரே மூச்சுல பேசி நான் கேட்டதே இல்லையே.”

இத்தனை வருடம் ஊரார் மூச்சையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு அது தோன்றவில்லை. அப்பாவுக்கு சிலிகோசிஸ், சுரங்கத் தூசி தந்த நுரையீரல் நோய். நாலு சொல்லுக்கு ஒருமுறை நிற்பார். அந்த நிறுத்தங்களில்தான் நாங்கள் வளர்ந்தோம். அவர் அடுத்த சொல்லை எடுப்பதற்குள் அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்துவிடுவாள். அவர் குரலுக்கு அடியில் நான் வைத்திருந்தது சுரங்கமே பார்க்காத என் நுரையீரலை.

பெரியப்பாவையே பேசச் சொன்னேன். ஒரே லெவல், ஒரே தூசி, ஏறக்குறைய அதே நெஞ்சு. நான் எழுதியதை அவர் படிக்கவில்லை. தனக்கு வந்தபடி சொன்னார். ‘தண்ணி’ என்ற சொல்லுக்குமுன் மூன்று நொடி நின்றார். அலைக்கோட்டில் மெல்லிய ரோமம்போல் அந்த இழுப்பு தெரிந்தது. ஆர்விசியில் மூச்சைக் காப்பாற்ற என்றே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், 0.5-ல் வைத்தால் காப்பு இல்லை, குறைக்கக் குறைக்க மூச்சு பிழைக்கும். வழக்கமாக 0.33-ல் இருக்கும். நான் 0.1-க்குக் கொண்டுபோனேன். அங்கங்கே குரல் அப்பாவிடமிருந்து நழுவிப் பெரியப்பாவிடம் போய்விட்டு வருகிறது. எடிட்டிங் பையன் அதைச் சரிசெய்யலாம் என்றான். வேண்டாம் என்றேன்.

டைட்டிலில் ‘டிராக்’ என்று போட்டுப் பெரியப்பா பெயரைச் சேர்த்தேன். முழுப் படத்தையும் விட்டுவிட்டு அந்த இடத்தை மட்டும் மூன்று முறை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடக்கூடாதா என்று கேட்டார்.