கனத்த இசையும் இனவெறியும்: சில விமர்சனக் குறிப்புகள்

2012 ஆகஸ்ட் 5ஆம் திகதி, ஒரு ஞாயிறு காலை, விஸ்கொன்சின் மாநிலத்தின் ஓக் கிறீக் நகரிலுள்ள சீக்கியக் குருத்துவாராவில் ஆறு பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். படுகாயமடைந்த ஏழாமவர் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் எழமுடியாமற் கிடந்து 2020இல் இறந்தார். கொலையாளி வேட் மைக்கல் பேஜ் முன்னாள் அமெரிக்க இராணுவத்தினன். வெள்ளை இனவாத இசைக்குழுக்களில் கிற்றார் வாசித்தவன். 'இராணுவம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட நம்மவர்கள் 'கிற்றார்' என்ற சொல்லைத் தாண்டிச் சென்றுவிட்டார்கள். அது வெள்ளைப் பிள்ளைகளின் இரைச்சல், நமக்கென்ன என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணத்தோடு விவாதிக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஹெவி மெற்றல் எனப்படும் இசை இயல்பிலேயே பாசிச இசை அல்ல. அதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் தொழில் நகரமான பேர்மிங்ஹாம். அதன் முன்னோடிகளான பிளாக் சபாத் குழுவின் கிற்றார் கலைஞர் ரோனி அயோமி, உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வலக்கை விரல் நுனிகள் இரண்டை இழந்தவர். பன்னிரண்டு மணிநேரம் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு அந்த இசை ஏன் ஆறுதலாகிறது என்பதை விரிவுரை மண்டபத்தில் நின்றுகொண்டு விளங்கிக்கொள்வது கடினம். தொழிற்சாலைத் தரையில் அது இலகுவாக விளங்குகிறது. கலிபோர்னியாவின் ஸ்லேயர் குழு 1986இல் நாஜி வைத்தியன் மெங்கலே பற்றிப் பாடி எதிர்ப்பைச் சம்பாதித்தது. ஆனால் அக்குழுவின் பாடகர் ரொம் அராயா சிலியில் பிறந்தவர். டிரம்ஸ் கலைஞர் டேவ் லொம்பார்டோ கியூபாவில் பிறந்தவர். நியூ ஜேர்சியில் என்னோடு இரவு வேலை செய்யும் மெக்சிக்க இளைஞன் ஒருவன் அப்பாடலை ஒரு திகில் படமாகவே கேட்கிறான். அவனைப் பாசிஸ்ட் என்று சொல்வது அபத்தம்.

அப்படியானால் நஞ்சு எவ்வழியால் நுழைகிறது? பாடல் வரிகளில் மட்டும் அதைத் தேடுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 1985இல் வாஷிங்டனின் பிரமுகர்களது மனைவியர் 'பெற்றோர் இசை வள நிலையம்' என்றொரு அமைப்பை உருவாக்கி, ஆபத்தான பதினைந்து பாடல்களின் பட்டியலை வெளியிட்டனர். பாலியல், வன்முறை, போதை, சாத்தான் வழிபாடு என்பனவே அவர்கள் கண்ட குற்றங்கள். இனவெறி என்றொரு தலைப்பே அப்பட்டியலில் இல்லை. ஒழுக்கக் காவலர்கள் சாத்தானைத் தேடிக்கொண்டிருந்த அதே தசாப்தத்தின் இறுதியில்தான், ரெக்சாஸின் டலஸ் நகரில் 'ஹமர்ஸ்கின்ஸ்' என்ற நவநாஜிக் கும்பல் உருவானது. பின்னாளில் பேஜ் சேர்ந்துகொண்ட கும்பல் இதுதான். குறுக்காக வைத்த இரு சுத்தியல்கள் இதன் சின்னம். பிங்க் ஃபுளொயிட் குழுவின் 'த வோல்' திரைப்படத்திலிருந்து (1982) எடுக்கப்பட்டது அது. பாசிசத்தை எள்ளி நகையாட வரையப்பட்ட சின்னத்தையே பாசிஸ்டுகள் தமது கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். பிரதியை மட்டும் வாசிக்கும் விமர்சனம் இந்த இடத்தில் திகைத்து நின்றுவிடுகிறது. பிரதி யார் கைக்குப் போகிறது என்று கேட்கும் விமர்சனமே நமக்குத் தேவை.

அந்தக் கைகளில் ஒன்றைப் பார்ப்போம். 1993இல் கனடியரான ஜோர்ஜ் பேர்டி 'றெசிஸ்ரன்ஸ் றெக்கோட்ஸ்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். (பின்னர் இனவாதத்தைக் கைவிட்டு, பல இனத்தவர் சேர்ந்த குழுவொன்றில் பாடினார்.) 1999இல் அந்நிறுவனத்தை வாங்கியவர் 'நஷனல் அலையன்ஸ்' தலைவர் வில்லியம் பியர்ஸ். இவர் தெருச்சண்டியர் அல்ல. பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று ஒறிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். ஒக்லஹோமா குண்டுவெடிப்பை (1995) நடத்திய திமோதி மக்வே விரும்பிப் படித்த நாவலின் ஆசிரியரும் இவரே. இளைஞர்களின் அந்த இசை அவருக்கு உவப்பானதல்ல. ஆயினும் அது பணம் தரும், ஆள் தரும் என்பதை அவர் கணக்கிட்டார். கோட்பாடு படித்தவர்களிடமிருந்தும் தனிமையும் கோபமும் இளைஞர்களிடமிருந்தும் வந்தன. இரண்டையும் இணைக்கும் கம்பியாக இசை பயன்பட்டது.

பேஜின் கதையும் இதுவே. நவநாஜிக் கருத்துக்கள் அவனுக்கு இராணுவத்திலேயே அறிமுகமாயின. 1998இல் வெளியேற்றப்பட்ட அவனுக்கு நண்பர், மேடை, பயணம், பெயர் அனைத்தையும் கொடுத்தவை இசைக்குழுக்கள். 2005இல் 'எண்ட் அபதி' என்ற சொந்தக் குழுவையும் தொடங்கினான். பல ஆண்டுகளுக்கு முன்பே அவனைச் சந்தித்து உரையாடியிருந்த சமூகவியலாளர் பீற் சிமி, இத்தகைய இசைக் கூடல்களை இயக்கம் உயிர்வாழும் மறைவிடங்களாகக் காண்கிறார். கொள்கையில் நம்பிக்கை வந்த பிறகே ஒருவன் கூட்டத்தில் சேர்கிறான் என்பது நமது பொதுவான அனுமானம். பெரும்பாலும் நடப்பது தலைகீழானது. முதலில் கூட்டம் கிடைக்கிறது. அதை இழக்கக்கூடாது என்பதற்காகக் கொள்கை விழுங்கப்படுகிறது.

ஆயினும் அந்த மண்டபத்துக்குள்ளேயே எதிர்ப்பும் இருந்தது. 2016 ஜனவரியில், ரெக்சாஸ் குழுவான பன்ரெராவின் பாடகர் பில் அன்செல்மோ ஹொலிவூட் மேடையொன்றில் நாஜி வணக்கம் செய்து வெள்ளை ஆதிக்க முழக்கமிட்டார். பகிடி என்று முதலில் சமாளித்து, பின்னர் மன்னிப்புக் கேட்டார். அதே மேடையில் அன்று வாசித்த ஓக்லண்ட் இசைஞர் றொப் ஃபிளின் பகிரங்கமாகக் கண்டித்தார். மெற்றலின் சகோதர இசையான பங்கிலும் இது நடந்தது. 1986இன் கடைசி நாளில் பேர்க்லியில் திறக்கப்பட்ட கில்மன் வீதி மண்டபம் இனவாதத்துக்கு இடமில்லை என்பதை விதியாகவே வைத்தது. பொலிசும் பாதிரியாரும் சாதிக்காததை, அந்த இசையை நேசித்தவர்களே ஓரளவு சாதித்தார்கள். ஃபிளினை யாரும் சுடவில்லை. அவர் தொடர்ந்து பாடினார்.

இங்குதான் நம்மிடம் வருகிறேன். நோர்வேயில் 1990களில் எழுந்த பிளாக் மெற்றலின் ஒரு கிளை, சக இசைஞனைக் கொன்று 21 ஆண்டு தண்டனை பெற்ற வார்க் விக்கர்னெஸ் போன்றோர் வழியாக, மண், இரத்தம், மூதாதையர், வீரமரணம் என்று பேசியது. இச்சொற்கள் நமக்குப் புதியனவா? லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் நம் வீடுகளில் ஓடிய கசற்றுகளில் நாம் கேட்ட சொற்கள் அல்லவா? ஒடுக்கப்பட்ட இனத்தின் பாடலையும் ஆதிக்க இனத்தின் வெறிப்பாட்டையும் சமமாக்குகிறேன் என்று யாரும் கொடி பிடிக்கவேண்டாம். எரிந்த யாழ் நூலகமும் 1983உம் நம் பாடல்களுக்கு நியாயம் தந்தன. ஆனால் நியாயமான துயரம் பாடலைப் புனிதமாக்கிவிடுவதில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோதும் தாயகத்தைப் பாடிய அந்தக் கசற்றுகள் நிற்கவில்லை.

ஆகவே நான் முன்வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பாடலை நேசித்துக்கொண்டே, பாடலின் பேரால் செய்யப்படுவதை மறுக்கும் ஒருவருக்கு அந்த மண்டபத்தில் இடமுண்டா? ஒருகாலத்தில் அதே இயக்கத்தோடு நின்றவரும் யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளருமான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல் வீதியில் சுடப்பட்டார். சபாலிங்கம் 1994 மே 1இல் பாரிசில், தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். இப்பெயர்களைச் சொல்லும்போது இன்றும் சில மண்டபங்களில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்கிறது.

நம் பிள்ளைகள் இந்நாட்டின் இசையரங்குகளுக்குப் போகிறார்கள். நம் விழாக்களுக்கும் வருகிறார்கள். அங்கே வெள்ளை இனவாதியை அடையாளம் காண அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நாம் ஆவலாயிருக்கிறோம். அதே கண்ணாடியால் அவர்கள் நம்மைப் பார்த்தால் என்ன பதில் சொல்வோம் என்பதையும் இப்போதே யோசித்து வைப்பது நல்லது. கேள்வி அவர்களிடமிருந்து வரும். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த விழாவுக்கும் வரமுடியுமா என்பதில்தான் நமது பதில் இருக்கும்.