இழவும் படைப்பும்: ‘மேரி ஷெல்லி’ திரைப்படத்தில் அழுகை மெய்ப்பாடு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளது. அதற்கு உரை கண்ட பேராசிரியர், தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என அழுகையை இருவகைப்படுத்தி, அவற்றுள் ஒன்று அவலமாகவும் மற்றொன்று கருணையாகவும் கொள்ளப்படும் என்பார். எழுத்தாளர் வாழ்வையே கதையாகக் கொள்ளும் திரைப்படங்களை அணுகுதற்கு இப்பாகுபாடு பெரிதும் துணைபுரியும். சொந்த அவலம் எவ்வாறு பிறர்மேற் செல்லும் கருணையாயிற்று என்பதே அத்தகைய படங்கள் எதிர்கொள்ள வேண்டிய வினா. ஹைஃபா அல் மன்சூர் இயக்கி, 2017 ஆம் ஆண்டு டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலில் திரையிடப்பட்ட ‘மேரி ஷெல்லி’ என்னும் ஆங்கிலப் படம் இவ்வினாவை எழுப்புகிறது. விடையை மட்டும் மிக எளிதாக்கிக் கொள்கிறது.

மேரி, மேரி உல்ஸ்டன்கிராஃப்டுக்கும் வில்லியம் காட்வினுக்கும் 1797 இல் பிறந்தவர். பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தவர். 1814 இல், பதினாறு வயதில், மணமான கவிஞர் பெர்சி ஷெல்லியுடன் வீட்டை விட்டு வெளியேறினார். படம் இவ்வரலாற்றையும், குழந்தையின் சாவையும், 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் பைரனோடு கழிந்த நாள்களையும், ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ புதினம் 1818 சனவரியில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்ததையும் தொடுத்துச் சொல்கிறது. எல் ஃபேனிங் மேரியாகவும் டக்ளஸ் பூத் பெர்சியாகவும் நடித்துள்ளனர்.

குழந்தையின் சாவைக் காட்டும் பகுதி தனித்து ஆராயத்தக்கது. கடன்காரர்களுக்கு அஞ்சி இருவரும் இரவோடிரவாக மழையில் வெளியேறுகின்றனர். நோயுற்றிருந்த குழந்தை அதனால் இறக்கிறது. வறுமை இழவைப் பெற்றெடுக்க, பழி பெர்சியின் பொறுப்பின்மை மேல் விழுகிறது. நான்கு நிலைக்களன்களுள் இரண்டு ஒரே காட்சியில் பிணைக்கப்படுவதால் நாடகப் பயன் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆயின் மேரி விட்டுச்சென்ற எழுத்துச் சான்று வேறுவகையானது. குழந்தை 1815 பிப்ரவரி 22 இல் குறைமாதத்தில் பிறந்தது. மார்ச்சு 6 இல் இறந்து கிடந்தது. அன்று எழுதிய மடலில் மேரி கூறும் செய்தி இது: இரவில் பாலூட்ட எழுந்தபோது குழந்தை அமைதியாக உறங்குவதாகத் தோன்றியது, எழுப்ப மனம் வரவில்லை, விடிந்த பிறகே அது முன்பே இறந்துவிட்டது தெரிந்தது. இங்கு மழையும் இல்லை, துரத்துவோரும் இல்லை, குற்றவாளி என ஒருவரும் இல்லை. இறந்த குழந்தையை உறங்கும் குழந்தையென எண்ணிப் பார்த்து நின்ற தாய் மட்டுமே இருக்கிறார். உயிர்க்கும் உயிரின்மைக்கும் இடையிலுள்ள எல்லை கண்ணுக்குப் புலப்படாது என்னும் அறிவு அவருக்கு வந்த இடம் அதுவாகலாம். படத்தின் மழைக்காட்சியைவிட இது பன்மடங்கு வலியது. ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ புதினத்துக்கும் அணுக்கமானது. சில நாள் கழித்து, குழந்தை குளிர்ந்துதான் கிடந்தது, தீயருகே தேய்த்தவுடன் உயிர் பெற்றது எனக் கனவு கண்டதாகவும் மேரி தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். எனவே குழந்தையின் சாவையும் புதினத்தையும் தொடர்புபடுத்தும் படத்தின் முயற்சி அடிப்படையற்றதன்று.

அத்தொடர்பு ஒற்றைக் கோடாக்கப்படுவதே குறை. 1816 சனவரியில் வில்லியம் என்னும் ஆண்குழந்தை பிறந்தது. ஜெனீவாவில் கதை கருக்கொண்டபோது அக்குழந்தை தாயுடன் இருந்தது. படத்தில் அவன் இல்லை. இழவு ஒன்றாக, கலப்பற்றதாக இருக்கவேண்டும் என்பதற்காக உயிருள்ள மகன் நீக்கப்பட்டுள்ளான் எனலாம். விளைவு சிறிதன்று. புதினத்தில் உருவாக்கப்பட்ட உயிரி முதலில் கொல்லும் சிறுவனின் பெயரும் வில்லியமே. மடியில் உயிரோடிருக்கும் மகனின் பெயரைக் கொலையுண்ட சிறுவனுக்கு இட்டெழுதிய துணிவு, துயரத்தின் நேர்வெளிப்பாடு என்னும் விளக்கத்துக்குள் அடங்காது. அச்சம், குற்றவுணர்வு, கலைக்குரிய கொடுமை யாவும் அதில் உள்ளன. அழுத பெண் அழுததையே எழுதினாள் என்று முடித்தால், படைப்பாளியின் அறிவுக்கு அங்கு வேலையில்லாமற் போகிறது. ஆணெழுத்தைச் சிந்தனையின் விளைவாகவும் பெண்ணெழுத்தை வாழ்வின் கசிவாகவும் காணும் பழைய பார்வை இவ்வழியே மீண்டும் நுழைகிறது. பெண்ணின் ஆசிரியத்துவத்துக்காக வாதிடும் படத்தில் இது நேர்ந்திருப்பது வருந்தத்தக்கது.

கணவன் மனைவி உறவிலும் இவ்வெளிமையாக்கம் உண்டு. படத்தில் பெர்சியின் நண்பர் ஹாக், மேரியிடம் தகாது நெருங்குபவர். அதைப் பொருட்படுத்தாத பெர்சி கொள்கை பேசித் தப்புபவர். ஆனால் மேலே சுட்டிய மடல் அந்த ஹாக்குக்கே எழுதப்பட்டது. குழந்தை இறந்த அன்று ஆறுதலுக்கு அவரையே வரவேண்டினார் மேரி. இந்தச் சிக்கலைப் படம் ஏற்றிருந்தால் துயருற்ற வீட்டின் உண்மை நிலை விளங்கியிருக்கும். புதினத்தின் கைப்படியில் பெர்சியின் திருத்தங்கள் சில ஆயிரம் சொற்கள் அளவுக்கு உள்ளன. முதற்பதிப்பின் முன்னுரையும் அவர் எழுதியதே. மேரியின் உரிமையை இது சிறிதும் குறைப்பதில்லை. சேர்ந்து துயருற இயலாத இருவர் ஒரே தாளில் சேர்ந்து எழுதினர் என்னும் அரிய காட்சி அல்லவா அது? படம் அதைக் கைவிட்டுவிட்டது.

படத்தின் சிறந்த பகுதி பதிப்பாளர்களைச் சந்திக்கும் காட்சிகள். இத்தகைய கதை இளம்பெண்ணுக்கு ஆகுமா என்றும், உண்மையில் இது பெர்சியின் எழுத்தன்றோ என்றும் ஐயுறுவோர் முன் மேரி நிற்கும் நிலை, இளிவு என்னும் நிலைக்களனுக்கு நல்ல சான்று. ஃபேனிங் இங்கு அழுவதில்லை, குரலைத் தாழ்த்துகிறார். இயக்குநரின் பட்டறிவும் இதில் கலந்திருக்கக்கூடும். தம் முந்தைய படமான ‘வஜ்தா’வை (2012) சவூதி அரேபியத் தெருக்களில் எடுத்தபோது, ஆண்களோடு வெளிப்படையாகப் பணிபுரிய இயலாமல், வண்டிக்குள் மறைந்திருந்து கருவிவழிக் கட்டளையிட்டவர் அவர். மறைந்து நின்று படைப்பது எத்தகையது என்பதைக் கற்றறிந்தவரின் கை இக்காட்சிகளில் தெரிகிறது.

இறுதியில் காட்வினின் அவையில் பெர்சி எழுந்து, நூல் மேரியுடையதே என அறிவிக்கிறார், இருவரும் இணைகின்றனர். இது கற்பனை. மேரியின் பெயர் 1823 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் நூலில் இடம்பெற்றது. அதற்குள் பெர்சி கடலில் மூழ்கி ஓராண்டு கழிந்திருந்தது. படம் நிறுத்திக்கொள்ளும் 1818 இல்தான் கடுந்துயர் தொடங்குகிறது. அவ்வாண்டு செப்டம்பரில் கிளாரா என்னும் ஒரு வயதுப் பெண்குழந்தை வெனிசில் இறந்தது. 1819 சூனில் வில்லியம் உரோமையில் இறந்தான். மகனைப் பற்றிய கவிதையைப் பெர்சி முடிக்காமலே விட்டார். மேரி அவ்வாண்டிலேயே ‘மத்தில்டா’ என்னும் குறும்புதினத்தைத் தொடங்கி, முடித்துத் தந்தைக்கு அனுப்பினார். காட்வின் அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. அது வெளிவந்தது 1959 இல்.